அவருடைய வாட்ச், என் கை

என் கணவர் பத்மநாபன் வங்கியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றார். இனி நாள் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து என் பிராணனை வாங்கப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, புனேக்குப் பக்கத்தில் சின்ஹகட் கோட்டை இருக்கிறது.

ஞாயிறுதோறும் இவரையும் சேர்த்துப் பன்னிரண்டு தமிழ் மாமாக்கள் ஆரஞ்சு டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போவார்கள். ஒன்றரை மணி நேரம் ஏறுவார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் பிட்லா-பாக்ரி என்கிற கடலைமாவுக் கூட்டும் சோள ரொட்டியும், இரண்டு தட்டு வெங்காய பஜ்ஜி, மண் சட்டித் தயிர். ஏறும்போது கரைந்ததைப்போல இரண்டு மடங்கு தின்றுவிட்டு இறங்குவதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் இதய ஆரோக்கியம். எங்கள் பிள்ளை பத்ரி ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தான். காலடியை எண்ணுமாம். குழு எடுக்கிற ஒவ்வொரு போட்டோவிலும் அந்த நீலப் பட்டை வாட்ச் முதலில் வரும், இவர் அதற்குப் பின்னால் வருவார்.

இவருக்குத் தெரியாத பதில் கிடையாது. காய்கறிக்காரர் என்னைக் கேட்டால் இவர் பதில் சொல்வார். எந்தப் பல் வலிக்கிறது என்று பல் டாக்டர் என்னைக் கேட்டதற்கு, “கீழ் வரிசை, இடது பக்கம்” என்று இவர்தான் சொன்னார். எனக்கு வலித்தது மேல் வரிசை.

தீபாவளியன்று எனக்குப் பின்மண்டை வலிக்கிறது என்றேன்.

“உடம்பு அசையணும் சரசா. ஒரு தடவை மலை ஏறிப் பாரு, எல்லாம் பறந்துடும்” என்றார். சொன்னவர் சோபாவில் படுத்திருந்தார். பட்சணத் தட்டு அவர் வயிற்றின் மேல் இருந்தது.

பிப்ரவரியில் குழுவில் ஒருவர் பாதி மலையில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். நான்கு பேர் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள். குழுத் தலைவர் ரவிசந்திரன் உடனே ஒரு சட்டம் போட்டார். இனி எல்லோரும் வாரம் ஒருமுறை வீட்டில் பிரஷர் பார்த்து, மெஷினும் கையும் சேர்ந்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போடவேண்டும். பார்கவி என்று ஒரு நர்ஸ் அதைப் பார்ப்பாள். நூற்று அறுபதுக்கு மேல் இருந்தால் மலை கிடையாது, முதலில் டாக்டர்.

இவர் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு. மறுநாள் காபி குடிக்காமல் பார்த்தார். நூற்று எழுபது. மூன்றாம் நாள் காலையில், சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

“சரசா, கையை அலம்பிண்டு வா. உன் கையிலே பார்க்கலாம்.”

“ஏன்னா, எனக்கு எதுக்கு?”

“உனக்கு இல்லை. எனக்குத்தான். நீ ஆத்துலயே இருக்கே, உனக்கென்ன கவலை, நார்மலாத்தான் இருக்கும்.”

அதாவது, உழைத்துத் தேய்ந்த இதயம் அவருடையது. என்னுடையது பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு. வளையல்களைக் கழற்றச் சொன்னார். புடவைக்கு மேலேயே ஆரஞ்சு டி-ஷர்ட்டை மாட்டிவிட்டார். மணிக்கட்டில் அந்த வாட்சைக் கட்டினார். மெஷினின் பட்டையை மேல்கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கி, எண் வந்ததும் போட்டோ எடுத்து, கண்ணாடி போடாமலேயே குழுவுக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

நூற்று எண்பத்தாறு. கீழே நூற்றுப் பன்னிரண்டு.

“கையை ஆட்டினியா?” என்றார் என்னைப் பார்த்து. “ஒரு காரியம் சொன்னா உருப்படியாப் பண்ண மாட்டியே.”

நான் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. பார்கவிதான்.

“மாமா, நடமாடாதீங்கோ, படுத்துக்கோங்கோ. நாங்க கார்லே வந்துண்டே இருக்கோம்.”

அரை மணியில் வாசல் மணி அடித்தது. டி-ஷர்ட்டை உருவிப் பீரோவுக்குள் திணித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். ரவிசந்திரன், பார்கவி, பின்னால் இன்னும் இரண்டு ஆரஞ்சு மாமாக்கள். இவர் கட்டிலில் போர்த்திக்கொண்டு, மகா நோயாளியாகப் படுத்திருந்தார். பார்கவி தன் மெஷினில் பார்த்தாள். நூற்று அறுபத்தாறு.

“இறங்கிடுத்து மாமா. ஆனாலும் இன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும்” என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிழைத்து வந்தவரிடம் பேசுகிற மாதிரி இவரிடம் பேசினார்கள். ரவிசந்திரன் என்னைப் பார்த்து, “மாமி, ஒரு வாய் காபி கிடைக்குமா?” என்றார்.

நான் நகராமல் நின்றேன். அது என் கை, என் ரத்தம், என் எண். அதைச் சொல்ல இவருக்கு ஒரு வார்த்தை போதும். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொல்லியிருக்கலாம்தான். இவர் வாயால் வரட்டும் என்று நின்றேன். பிடிவாதத்தில் நானும் இவருக்குக் குறைந்தவள் இல்லை. வரவில்லை. பின்மண்டை விண்விண்ணென்று தெறித்தது. அதைவிட மனசு அதிகமாக வலித்தது. உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன்.

தட்டை நீட்டியபோது பார்கவி டம்ளரை எடுக்கவில்லை. என் மணிக்கட்டையே பார்த்தாள். அவசரத்தில் வாட்சைக் கழற்ற மறந்திருந்தேன். அவள் தன் போனைத் திறந்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினாள். விரல் நகங்களில் சப்பாத்தி மாவு தெரிந்தது.

“மாமி, தட்டைக் கீழே வைங்கோ. உட்காருங்கோ” என்றாள். என் கையில் மெஷின் இந்தத் தடவை நூற்றுத் தொண்ணூறு காட்டியது. யாரும் காபி குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மராத்திப் பெண் டாக்டர். இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நல்ல சமயத்தில் வந்தீர்கள், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும் என்று ஹிந்தியில் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“தலைவலி எப்போதிலிருந்து?”

வழக்கம்போல இவர் வாயைத் திறந்தார். வங்கியில் ஹிந்தியிலேயே முப்பத்தைந்து வருஷம் சண்டை போட்டவருக்கு அந்த நேரத்தில் ஹிந்தி மறந்துவிட்டது.

“தீபாவளியன்னிக்கே சொன்னா” என்றார் தமிழில். “நான்தான் மலை ஏறச் சொன்னேன். இன்னிக்கும் வாயை மூடிண்டு படுத்திருந்தேன்.” கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

“தீபாவளியிலிருந்து என்கிறார்” என்று ஹிந்தியில் சொன்னேன்.