நீலம் வர எவ்வளவு போடணும்?

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குத் தேனாம்பேட்டையில் ஒரு மாடியில் வேலை. இரும்புச் சாமான்கள் பாரம் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்லும் சின்ன ஆபீஸ். கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு; அதில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது பலருக்குப் பொறுக்கவில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வேலை இருக்கிற வரைக்கும் என் ஜாதகத்தை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. அதனால் அந்த வேலையை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தேன்.

சாமான் செய்யப்போகும் இரும்புத் தகட்டின் வடிவத்தைத் திரையில் வரைந்து, அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். அதற்கு மெஷ் என்று பெயர். கட்டம் எவ்வளவு பெரிது, எந்த ஓரத்தை எத்தனை துண்டாக்குவது என்பதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும். சாஃப்ட்வேருக்குச் சொந்த புத்தி கிடையாது. கணக்கு முடிந்ததும் தாங்குகிற இடம் நீலமாகவும் தாங்காத இடம் சிவப்பாகவும் வரும். கட்டத்தைப் பெரிதாக வைத்தால், பாரத்தால் ஒரு மூலையில் குவியும் இழுப்பு அக்கம்பக்கத்தோடு கலந்து கரைந்துவிடும். சிவப்பும் காணாமல் போய்விடும். தகடு என்னவோ அப்படியேதான் இருக்கும்.

நான் பொடிக் கட்டமாகத்தான் போடுவேன். "கோலம் போடறியாம்மா?" என்பார் மேனேஜர். ஒவ்வொரு முறையும் இதே கிண்டல், ஒவ்வொரு முறையும் அவரே சிரித்துக்கொள்வார். எனக்குக் கோலம் போட வராது. கற்றுக்கொள்ளும் உத்தேசம் இன்று வரை இல்லை.

ஆதம்பாக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஒருவர், கிரேனில் மாட்டும் தகட்டுக் கொக்கி ஒன்றின் வரைபடத்தைக் கொடுத்திருந்தார். 'ட' எழுத்து மாதிரி இருக்கும். உள்மூலையில் சின்னதாக ஒரு வளைவு. அந்த வளைவு சிவப்பாக வந்தது. அதை இரண்டு மடங்கு துண்டுகளாகப் பிரித்தேன், சிவப்பு கூடியது. மறுபடியும் இரண்டு மடங்காக்கினேன், இழுப்பைக் காட்டும் எண் அசையவில்லை. எண் அப்படி நின்றுவிட்டால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, தகட்டில்தான்.

மேனேஜருக்கு முகம் சுருங்கியது. "ஏம்மா, அவர் தகடே வாங்கியாச்சு. மத்தியானம் வர்றார். கட்டத்தைப் பெருசாக்கி நீலமா ஒண்ணு எடுத்துக் குடு, சந்தோஷமாப் போகட்டும்."

"மாட்டேன் சார்."

"எழுந்திரு, நானே போடறேன்."

எழுந்துகொண்டேன். அவர் உட்கார்ந்து கட்டத்தின் அளவை முப்பது மில்லிமீட்டர் என்று தட்டினார். வளைவை ஒட்டிய கட்டங்கள் நொறுங்கிய அப்பளம் மாதிரி கோணிக்கொண்டு வந்தன. சாஃப்ட்வேர் தவறு என்று சொல்லி நின்றுவிட்டது. ஐம்பது தட்டினார். அதுவும் நின்றது. திரும்பாமலே கேட்டார்.

"எவ்வளவு போட்டா நீலம் வரும்?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

பயம்தான், பொய் சொல்வானேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அந்தக் கொக்கிக்குக் கீழே ஆள் நிற்பான். அவனுக்கு நீலமும் தெரியாது, சிவப்பும் தெரியாது.

பட்டறைக்காரர் அதற்குள் வந்துவிட்டார். நான் எடுத்த பிரிண்ட் மேஜையில் கிடந்தது. கையில் எடுத்தார்.

"இன்னா சார் இது, மூலைல சிவப்பா கீது?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன். "அங்கதான் பிச்சுக்கும். தகட்டை வெட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப அந்த வளைவைக் கொஞ்சம் பெருசா வெட்டுங்க."

அவர் எதிரிலேயே வளைவைப் பெரிதாக்கி, அதே பொடிக் கட்டங்களைப் போட்டு, கணக்கை ஓடவிட்டேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் படம் வந்தது. சிவப்பு இல்லை.

"அவ்ளோதானா?" என்றார்.

"அதைத்தான் நாங்களும் பேசிட்டிருந்தோம்" என்று சிரித்தார் மேனேஜர்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வேலை இருந்திருக்கும், ஜாதகமும் பீரோவிலேயே இருந்திருக்கும். என்னால் முடியவில்லை.

"இல்ல சார். நீலம் வர எவ்வளவு போடணும்னு கேட்டுட்டிருந்தீங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காகச் சாயங்காலமே வேலை போனது. வீட்டில் வந்து சொன்னேன். ஏன் போனது என்று அம்மா கேட்கவில்லை.

"போனாப் போறது, விடு. வெள்ளிக்கிழமை பிள்ளையாத்துக்காராளை வரச் சொல்லட்டுமா? நீ ஒண்ணும் பேச வேண்டாம், புடவையைக் கட்டிண்டு வந்து நின்னாப் போறும்."

"மாட்டேன்" என்றேன். மத்தியானம் அந்த வார்த்தையைச் சொல்ல அத்தனை பயந்தேன். இப்போது அது தானாக வந்தது.