அவரைத் தவிர யாரையாவது அனுப்பும்

என் மீன்கள் சாகத் தொடங்கிய அன்று நான் செய்த முதல் ஜெபம் மீன்களுக்காக அல்ல. பக்கத்து வீட்டு அந்தோனிப்பிள்ளையின் நாக்கு வீங்கி, மூன்று நாளைக்காவது வாய்க்குள் அடங்காமல் கிடக்க வேண்டும் என்று முழங்காலில் நின்று கேட்டேன். சபையில் பதினைந்து வருடமாக வாசகம் வாசிக்கிறவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சபை மடலில் சாட்சி சொல்ல வந்துவிட்டு வெட்கமான பகுதியை மறைத்தால், மிச்சமிருப்பது என் தொழிலுக்கான விளம்பரம் மட்டுமே.

என்னைத் தெரியாதவர்களுக்காக: கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் மணலில் எங்கள் வீடு. பதினான்கு வயதில் ஒரு கண்ணாடிப் போத்தலில் கடல் தண்ணீரும் ஒரு சின்ன நண்டும் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. போத்தல் போய்த் தொட்டி வந்தது, தொட்டி பெருத்தது, பெருத்த தொட்டி ஓர் அறையையே விழுங்கியது. பவளப் பாறையைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். ஆகவே சீமெந்தும் சிப்பித் தூளும் குழைத்து நானே பாறை செய்தேன். முதல் வருடம் அது இடிந்த மதிலைப் போல இருந்தது. ஆறேழு வருடத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படிந்து, புழுவும் நத்தையும் குடியேறி, உண்மையான பவளப் பாறையே நம்பிவிடும் அளவுக்கு மாறியது. அதன் உச்சியில் கடற்சாமந்தி என்னும் பிராணி, பூப்போலக் கைகளை விரித்துக்கொண்டிருக்கும். அதன் மடியில் செம்மஞ்சளும் வெள்ளைப் பட்டையுமாக ஒரு சோடிக் கோமாளி மீன்.

அந்தச் சோடி முட்டையிட்டது. குஞ்சுகளை நான் வளர்த்தெடுத்தேன். உடனே எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு எடுத்தேன். அந்த அறைக்குள் நானே முதலாளி, நானே தொழிலாளி. இரண்டு பேருமே சோம்பேறிகள்.

என் மனைவி றெஜினாவுக்கு ஒரு தையல் இயந்திரம் உண்டு. அதற்கு இடமில்லாமல் விறாந்தையில் தூவானம் பட்டுக் கிடந்தது. அவளுக்கு வேதத்தின் மேல் கைவைத்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் தொகுதிக் குஞ்சுகள் விலைபோக வேண்டும். இல்லையென்றால் தொட்டிகளைக் கழற்றி விற்றுவிட்டு, அறையைத் தையலுக்குக் கொடுத்துவிடுவேன். போன மாரியில் அந்த நாள் வந்தது. அலங்கார மீன் வாங்கும் ஒருவர் கொழும்பிலிருந்து சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

இனி அந்தோனிப்பிள்ளை அண்ணன். நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். ஒரே சபை, ஒரே வேலி. அந்த வேலியோரம் அவர் ஒரு தேசி எலுமிச்சை மரம் வைத்திருந்தார். நான் தொட்டியில் மாற்றிய பழைய உப்புத் தண்ணீரை மாதக்கணக்கில் அந்த வேலியடியில்தான் ஊற்றினேன். மணல் நிலம், எங்கேயோ வடிந்துவிடும் என்று நினைத்தேன். அது நேரே மரத்தின் வேருக்கு வடிந்தது. காய்த்துக் குலுங்கிய மரம் விறகாகியது.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "மரத்துக்கு வயசு போயிற்று" என்று சொன்னேன். மரத்துக்கு ஏழு வயது.

அதன்பின் இரண்டு வருடம் வேலி வழியாக வசைமாரிதான். ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால், நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவேன். நான் போடுவது செருப்பு.

அந்த ஞாயிறு, என் குஞ்சுகளைப் பார்க்க ஆள் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அவர் வேலிக்கு மேலால் கத்தினார்:

"தொழிலாம் தொழில்! உன்ட மீனெல்லாம் ஒருநாளைக்கு மல்லாக்க மிதக்கும், பாத்துக்கொண்டிரு!"

புதன்கிழமை காலை மிதந்தது. முதலில் கடற்சாமந்தி. கைகளெல்லாம் சுருங்கி, வாய் பிளந்து, ஈரத் துணியைக் கசக்கிப் போட்டதுபோலக் கிடந்தது. பிறகு நத்தைகள். பிறகு குஞ்சுத் தொட்டியில் ஏழெட்டுக் குஞ்சுகள். மிச்சமெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. வீடு முழுக்க ஒரு நாற்றம், அதைச் சபை மடலில் எழுத முடியாது.

எனக்கு ஒரு நொடியும் சந்தேகம் வரவில்லை. நஞ்சு. அறையின் யன்னல் அவர் வேலிப் பக்கம்தான் திறந்திருந்தது. ஞாயிறு சொன்னான், புதன் செய்தான். மீனைக் காப்பாற்ற ஓடியிருக்க வேண்டிய நான், மேசைக்குப் போய்ப் பேனா எடுத்தேன். பழைய கச்சேரிக் கை அல்லவா? பொலிசுக்கு ஒரு முறைப்பாடும், அதன் பிரதி போதகருக்கும். எழுதி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் முழங்காலில் விழுந்தேன். சத்தமாகவே ஜெபித்தேன். அந்தோனிப்பிள்ளைக்கும் கேட்கட்டும் என்றுதான்.

றெஜினா வாசலில் நின்று கேட்டாள். "இஞ்சேருங்க, நீங்க ஜெபிக்கிறீங்களா, இல்ல ஆண்டவருக்கும் ஒரு பிரதி அனுப்புறீங்களா?"

அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தச் சோடி மீன்கள் செத்த சாமந்தியை விட்டு நகரவில்லை. அழுகிய கைகளுக்குள்ளே தலையை நுழைத்து நுழைத்து எடுத்தன. அப்போது கேட்டேன்: "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உதவிக்கு ஒரு ஆளை அனுப்பும். அவரைத் தவிர யாரையாவது அனுப்பும்."

மீன் வளர்க்கிற சிநேகிதர்கள் இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருவர் வெளிநாட்டில். மற்றவர், "உடனடியாப் பாதித் தண்ணியை மாத்து" என்றார். நல்ல யோசனை. முற்றத்துப் பீப்பாவில் திங்கட்கிழமை அள்ளிய தண்ணீர் நிறைய இருந்தது. செவ்வாய்க்கிழமை அதில் பாதியைத்தான் தொட்டிக்கு மாற்றியிருந்தேன். மிச்சத்தையும் ஊற்றுவோம் என்று வாளியைத் தூக்கினேன்.

அந்த நேரம் வாசல் படலையை யாரோ காலால் உதைத்தார்கள்.

வந்தவர் அவர்தான். சாரத்தை மடித்துக் கட்டி, மூக்கைத் தோளில் கிடந்த துவாயால் பொத்திக்கொண்டு நின்றார்.

"டேய்! என்னடா இது நாத்தம்? ஒரு வீட்டில மனிசர் சோறு தின்ன வேணாமா? முதல்ல மரத்தைச் சாகடிச்சாய், இப்ப எங்களையும் கொல்லப் போறியா?"

"நல்லா நடிக்கிறீங்க" என்றேன். "செய்யிறதையும் செய்துபோட்டு."

"என்னத்தடா செய்தன்?"

உள்ளே கையைக் காட்டினேன். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போனார். இரண்டு வருடத்தில் என் வீட்டுக்குள் அவர் வைத்த முதல் கால். தொட்டிக்கு முன்னால் குனிந்தார். என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தார். அப்படியே என் வாசற்படியில் துப்பினார்.

"மடையா! இது கடல் தண்ணியா? எங்க அள்ளின?"

"முகத்துவாரத்துப் பக்கம்."

"எப்ப?"

"திங்கக்கிழமை."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு றெஜினாவிடம் திரும்பினார். "புள்ள, இந்த மனிசனை எப்பிடி இத்தனை வருசம் வச்சிருக்கிறாய்? போன சனிக்கிழமை முகத்துவாரத்தை வெட்டி விட்டவங்க. வாவியில கிடந்த வெள்ளமெல்லாம் கடலுக்குள்ளதான் போகுது. சின்னப் புள்ளைக்கும் தெரியும், வெட்டின கிழமை கரையில நிக்கிறது கடல் இல்ல, வயல் தண்ணி! இவன் உன்னிச்சைக் குளத்துப் பக்கத்து மழையை அள்ளிக்கொண்டு வந்து மீனுக்குக் கொடுத்திருக்கான்!"

வாளியைக் கீழே வைத்தேன். மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணலை வெட்டி விடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். தண்ணீர் கலங்கலாக இருந்ததையும் பார்த்தேன். பீப்பாவில் ஒருநாள் படியவிட்டேன், கண்ணாடிபோலத் தெளிந்தது. உப்பு அளக்கும் கருவி ராக்கைத் தட்டில்தான் இருந்தது. இத்தனை வருடம் கடல் தண்ணீரோடு பழகியவனுக்கு அது எதற்கு என்ற எண்ணம். மீன்கள் உப்புக் குறைவைக் கொஞ்சம் தாங்கும். சாமந்தி தாங்காது. அது செத்து அழுகியதில்தான் மிச்சத் தண்ணீரும், குழாயால் இணைத்திருந்த குஞ்சுத் தொட்டித் தண்ணீரும் கெட்டது.

வழக்கமாக நான் அள்ளுவது கல்லடிக் கரையில், வள்ளங்கள் இழுத்து வைத்திருக்கும் இடத்தில். அங்கே அள்ளியிருந்தால் யாராவது ஒருவர், "ஐயா, இப்ப அள்ளாதீங்க" என்று கத்தியிருப்பார். அன்று நான் ஏன் அங்கே போகவில்லை? அந்தோனிப்பிள்ளையின் போட் அங்கே நின்றது. அவர் முகத்தில் முழிக்கக் கூடாது என்று ஓட்டோவைத் திருப்பி முகத்துவாரத்துக்கு விட்டேன். என் மீன்களுக்கு நஞ்சு வைத்தது யார் என்று இப்போது விளங்கியிருக்கும்.

"நாளைக்கு விடிய வெளிக்கிடு" என்றார் அவர். "கலங்கலைத் தாண்டிப் போனாத்தான் தண்ணி. உனக்காக இல்ல, தெரிஞ்சுகொள். கடல்ல மீன் சாகும், வலையில சாகும், அது வேற. இப்பிடிப் பெட்டிக்குள்ள மூச்சு முட்டிச் சாகிறதை என்னால பாக்க ஏலா."

போகும்போது தன் வீட்டிலிருந்த நல்ல உப்புத் தண்ணீர் இரண்டு கலன் கொண்டுவந்து வைத்தார். இறால் உயிரோடு வைக்க, முகத்துவாரம் வெட்டுவதற்கு முந்தின கிழமை அள்ளியதாம். சோடிக்கும் குஞ்சுகளுக்கும் அது ஒரு நாளைக்குப் போதுமாக இருந்தது. என் ஜெபத்துக்குப் பதில் வேலிக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே மூடி போட்டு நின்றிருக்கிறது.

வியாழன் விடிய, வெறும் கலன்களோடு கடலில் இறங்கினோம். இன்னொரு வெட்கம்: நாற்பது வருடம் கடலைப் பெட்டிக்குள் வைத்து வளர்த்தவன், அன்றுதான் முதன்முதலாகக் கடலுக்குள் போனேன். இரண்டாவது அலையிலேயே வாந்தி.

"எடு எடு, நல்லா எடு" என்றார் அந்தோனியண்ணன். "உள்ள கிடக்கிற பொய்யெல்லாம் போகட்டும்."

காற்று அடங்காத கடல். வேறு ஒரு போட்டும் இறங்கவில்லை. கறுத்த கலங்கலுக்குள் போய்க்கொண்டே இருந்தோம். அவர் இடைக்கிடை கையை நனைத்து நாக்கில் வைத்து, "இல்ல" என்பார். திரும்ப, "இல்ல." நான் உப்பு அளக்கும் கருவியை வெளியே எடுக்க, அவர் பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஓர் அலை தெறித்து நெஞ்சு நனைந்தபோது சட்டைப் பைக்குள்ளிருந்த கடிதம் வெளியே எட்டிப் பார்த்தது. அவரும் பார்த்தார்.

"என்ன அது?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வாந்திதான் வந்தது. பிறகு சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பொலிஸ், போதகர், நஞ்சு.

அவர் எஞ்சினை நிறுத்தினார். கரை தெரியவில்லை. எனக்கு நீந்தவும் தெரியாது.

"வாசி" என்றார்.

வாசித்தேன். "மேற்படி நபர் என்மீது நீண்டகாலமாக விரோதம் பாராட்டி வருபவர்..." என்று என் கச்சேரித் தமிழ் அந்த நடுக்கடலில் ஆடி ஆடிப் போனது. கடைசி வரியை முடிக்காமல் தாளை மடித்தேன். அந்த இடத்தில்தான் நான் உண்மையாக ஜெபித்தேன் என்று நினைக்கிறேன். ஆண்டவரிடம் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பார்த்து, "அண்ணன், மரத்துக்கு வயசு போகல்ல. நான்தான் சாகடிச்சன்" என்றேன். அவ்வளவுதான்.



"நஞ்சு வைக்கிறதெண்டா உனக்கெல்லோ வச்சிருப்பன்" என்றார். "மீன் என்ன பாவம் செய்தது?"

எஞ்சினைக் கிளப்பினார். கொஞ்சத் தூரத்தில், கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. இந்தப் பக்கம் மண் நிறம், அந்தப் பக்கம் நீலம். கோட்டைத் தாண்டிக் கையை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பவில்லை.

"அள்ளு" என்றார்.

சோடி பிழைத்தது. குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைத்தது. சனிக்கிழமை வந்தவர் மீன்களை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அடுத்த தொகுதியும் தனக்கே தரும்படி கேட்டார். றெஜினாவின் இயந்திரத்துக்கு வேறு அறை கட்டுகிறோம். கடற்சாமந்தி மட்டும் போய்விட்டது. அந்தச் சோடி இப்போது ஒரு மண்சட்டியின் விளிம்பில் முட்டையிடுகிறது. அதன் தலைவிதி, என் கையில் அகப்பட்டது.

பழைய தண்ணீரை இப்போது நான் கடலிலேயே கொண்டுபோய் ஊற்றுகிறேன். புதுத் தண்ணீர் கிழமைக்கொரு தடவை அந்தோனியண்ணனின் போட்டில் வருகிறது, வசையோடு சேர்த்து. அவர் மாறிவிட்டார் என்று நான் சாட்சி சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் இதை வாசித்துவிட்டு வேலிக்கு வருவார். ஆண்டவர் அவர் நாக்கைக் கட்டவில்லை. அந்த நாக்கைக் கொண்டுதான் என் தண்ணீரைச் சோதித்தார்.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஒரு வேலி இருக்கலாம். உதவி கேளுங்கள், கட்டாயம் வரும், நான் கண்டவன். ஆனால் கேட்கும்போது "அவரைத் தவிர" என்று யாருடைய பெயரையாவது சொன்னால், முழங்காலிலிருந்து எழுந்ததும் முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். எனக்காக அவர் படலையை உதைத்து வந்தார். எல்லாருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்காது.

வேலியோரம் நான் வாங்கிக் கொடுத்த தேசிக் கன்று நிற்கிறது. போன ஞாயிறு சமாதானம் சொல்லும் நேரம், நான் குனியவில்லை. கையை நீட்டினேன். அவர் இறுக்கிப் பிடித்து, முன்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சமாதானம். பதினொரு இலை விட்டிருக்கு. எண்ணி வச்சிருக்கன்டா. ஒண்டு குறைஞ்சாலும் உன்னட்டத்தான் வருவன்."

"வாங்க அண்ணன்" என்றேன்.