கையெழுத்துக்கும் தாலிக்கும் நடுவில்

கோயிலில் இருந்தவர்கள்: நான். அவர். அவர் மகள், ஒன்பது வயது, பட்டுப் பாவாடை. என் அம்மா, வரும்போதே அழுதுகொண்டு. முதல் சாட்சி என் முதலாளி. இரண்டாவது சாட்சி எங்கள் லோரி டிரைவர் அண்ணன். திருமணம் பதிவு செய்ய அதிகாரம் உள்ள கோயில் செயலாளர். ஐயர் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார்.

எங்கள் ஊரில் கல்யாணம் இரண்டு தவணை. முதலில் ரெஜிஸ்டர்: கையெழுத்து, கேக், போட்டோ. முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மண்டபம் கிடைத்த பிறகு தாலி. அதுவரை சட்டத்துக்கு மனைவி, சொந்தக்காரர்களுக்குக் கல்யாணம் ஆகாத பெண்.

எனக்கு முதல் தடவை ரெஜிஸ்டர் ஆனபோது மாப்பிள்ளைக்குப் பெரிய மண்டபம்தான் வேண்டுமாம். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். நான் மண்டபத்துக்கு. அவன் வேறொருத்திக்கு. "இன்னும் தாலி கட்டலையே, இதுல என்ன பெரிய விஷயம்?" என்று போனில் கேட்டான். ஒருநாள்கூடச் சேர்ந்து வாழவில்லை. விவாகரத்து மட்டும் கோர்ட்டில் முறையாகக் கிடைத்தது.

அதன்பிறகு கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி ஆபீசில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். டிரைவர்கள் எனக்குப் புலி என்று பேர் வைத்தார்கள். நல்லவேளை, பூனை என்று வைக்கவில்லை.

இவர் அந்த ஆபீஸ் ஏசியை, எங்கள் பேச்சில் ஏர்கோனை, பழுது பார்க்க வந்தவர். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமைகளில் விட்டுவர ஆளில்லை என்று மகளையும் கூட்டி வருவார். என் மேசைக்கு எதிரே உட்கார வைப்பார். என்னைக் கேட்காமல்.

"ஆன்டி, ஏன் எப்பவும் கோவமா இருக்கீங்க?"

"சம்பளத்துலயே சேர்ந்தது."

"ஏர்கோன் நல்லாத்தான் இருக்குன்னு அப்பா சொன்னாரு. அப்புறம் ஏன் சனிக்கிழமை சனிக்கிழமை வரோம்?"

ஏணி மேல் இருந்தவர் காதில் விழாத மாதிரி ஃபில்டரைத் துடைத்தார். அடுத்த சனிக்கிழமை நானே ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்தேன். வருகிற மனுஷனுக்கு வேலை இருக்க வேண்டாமா?

ஒருநாள் ஏணியில் நின்றபடி, ஏர்கோனைப் பார்த்து, "ரெஜிஸ்டர் பண்ணிக்கலாமா?" என்றார்.

"ஏர்கோன் என்ன சொல்லுது? கீழ இறங்கிப் பேசுங்க."

இறங்கினார். தாலி முதலில், கையெழுத்து அப்புறம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். எந்தக் கோயிலும் ஒத்துக்கொள்ளவில்லை, முதலில் ரெஜிஸ்டர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கோயிலைக் கண்டுபிடித்தார். இரண்டும் அங்கேயே, ஒரே நாளில்.

"ஆபீஸ் ரூம்ல கையெழுத்து, வெளிய வந்தா சன்னதி. அஞ்சு நிமிஷம் லா."

"அஞ்சு நிமிஷத்துல ஆம்பளைங்க என்னென்னமோ பண்ணலாம்."

கையெழுத்துப் போட்டோம். ஐயரைக் காணோம். "நான் போய்க் கூட்டிட்டு வரேன்," என்று இவர் வாசலைத் தாண்டிப் போனார். என் கை சில்லிட்டது. ஏர்கோன் இல்லாமலே.

"மாப்பிள்ளை வருவாரா பாஸ்?" என்று டிரைவர் அண்ணன் மெதுவாகக் கேட்டார். மெதுவாக என்று அவர் நினைத்தார்.

"வேன் இங்கதான் நிக்குது. ஏணிய விட்டுட்டு எங்க போவான்?" என்றார் முதலாளி.

மகள் என் புடவையை இழுத்தாள். "ஆன்டி, டாய்லெட்."

பின்பக்கம் கூட்டிப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஆன்டி, போயிடாதீங்க."

"இந்தப் புடவையில நான் எங்க போறது? பாவாடையத் தூக்கிப் பிடி."

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இன்னும் இருக்கீங்களா?"

"இருக்கேன்டி."

வாசலைப் பார்க்க வேண்டும் என்பதே மறந்துபோனது.

திரும்பி வந்தபோது இவர் சன்னதி முன்னால் வியர்த்து நின்றார். பக்கத்தில் ஐயர், விரலில் டீ கட்டிய பிளாஸ்டிக் பை தொங்க.

"மீதியக் குடிச்சிட்டே வந்திருக்கலாமே சாமி," என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் விடலம்மா."

தாலி ஏறியது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார். கையெழுத்திலிருந்து தாலி வரை நேரம் பார்க்கும்படி முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தேன். எவ்வளவு என்று கேட்டேன்.

இருபத்தாறு நிமிடம்.