ஒரு அளவு பெரிய மட்டை

கான்சாஸில் தானிய லாரி ஓட்டும் வெர்லின் ஸ்ட்ரவுட் எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரியதாகத்தான் வாங்குவார். கேட்டால், "வளர்ற பிள்ளைக்கு அளவாவா வாங்குவாங்க?" என்பார். பிள்ளைக்குச் சரி, மனைவி கார்லாவுக்கு வாங்கிய கல்யாண மோதிரமும் அப்படித்தான். பதினொரு வருஷமாக அவள் அதில் நூல் சுற்றித்தான் போட்டிருக்கிறாள்.

மகள் ஜோசிக்கு ஒன்பது வயது. முதல் பேஸ்பால் மட்டை வாங்கப் போன கடையில் வெர்லின் கை நேராக நீளமான கறுப்பு மட்டைக்குப் போனது.

"ஒரு கையில நீட்டிப் பிடி கண்ணு. நான் இருபது எண்ணுற வரைக்கும் கை இறங்கலைன்னா அது உன் மட்டை," என்றாள் கடைக்காரப் பெண்.

பன்னிரண்டில் ஜோசியின் கை நடுங்கியது. பதினைந்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் பார்வை மட்டையில் இல்லை, அப்பாவின் முகத்தில் இருந்தது. இருபதுவரை கையை இறக்கவே இல்லை.

"பாத்தியாப்பா, தாங்கிட்டேன்!"

வெர்லின் அதை அவளிடமிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டினார். இரண்டு அங்குலம் குட்டையான ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அடுத்த வருஷம் இது சின்னதாயிடுமேப்பா!"

"ஆகட்டும்டி தங்கம். நீ இந்த வருஷம்தானே அடிக்கப்போற?"

வீட்டில் கார்லா மட்டையை மகள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். "அளவா வாங்கியிருக்கீங்க. நீங்களா?"

பிறகு நூலோடு மோதிரத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "கையோட இதையும் சின்னதாக்கிட்டு வந்துடுங்க."