அக்காவுக்கு ஒரு மலை

ஒரு தீபாவளிக்கு வழக்கம்போல அக்காவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு அவள் ஊரான சிலமலைக்குப் போயிருந்தேன். அவள் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"துணி நல்லாருக்கு ஆத்தா. ஆனா இனிமே எனக்குச் சேல எடுக்காத. என்ன கலருன்னு ஒங்க மச்சான் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கு" என்றாள்.

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். சர்க்கரை அவள் கண்ணில் இறங்கிவிட்டது. மதுரைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டோம், லேசரும் வைத்தார்கள். வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு ஏலத்தோட்டத்து வேலை நின்றது. அடுப்பங்கரைப் பக்கம் போவதும் நின்றது. மச்சான் காட்டுவேலைக்குப் போகும்முன் சமைத்து வைத்துவிட்டுப் போவார். அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள்.

என் அக்கா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஏலத்தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். விடிவதற்குள் ஜீப் வந்துவிடும். போடியைத் தாண்டி, போடிமெட்டு ஏறி, கேரளாப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிடும். இருட்டும்போது திரும்புவாள். அவள் சேலை, தலைமுடி எல்லாம் ஏலக்காய் மணக்கும். நான் பன்னிரண்டாவது முடித்ததும், தையல் படித்ததும், எனக்கென்று முதல் மிஷின் வந்ததும் அந்த ஜீப் பயணத்தில்தான். இன்று போடியில் எனக்கு ஒரு தையல்கடை இருக்கிறது.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு கடையில் வெட்டுத்துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டே இது வெல்வெட், இது ரேயான், இது காலருக்கு வைக்கும் விறைப்புத் துணி என்று என்னால் சொல்ல முடிந்தது. அக்காவுக்குக் கையால் பார்க்கிற மாதிரி ஒரு படம் தைக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது. என்ன படம் என்று யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. அவள் ஏறி இறங்கிய மலைதான்.

முதலில் தைத்தது பார்வைக்கு அழகாக இருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்தார்.

"இது என்னது, எருமையா?"

அவர் கை இருந்தது மலை உச்சியில். அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். மலைக்குச் சாக்கை மடித்து உயரமாக வைத்தேன். பள்ளத்துக் காட்டுக்கு வெல்வெட். ஏலச்செடியின் இலைகளுக்கு விறைப்புத் துணி. போடிமெட்டு ரோட்டுக்குப் பாவாடை நாடாவை முறுக்கி, வளைவு வளைவாக மேலே கொண்டுபோனேன். மழைக்கோட்டுத் துண்டில் ஒரு ஜீப். ஒவ்வொரு நாளும் கடை சாத்துவதற்கு முன் கண்ணை மூடி, விரலை ரோட்டில் வைத்து ஏறிப் பார்ப்பேன். விரல் தடுமாறிய இடத்தை மறுநாள் பிரித்துத் தைப்பேன்.

பொங்கலன்று கொண்டுபோய் அவள் மடியில் விரித்தேன். "என்னத்தா இது, போர்வையா?" என்றாள். அவள் விரலைப் பிடித்து நாடாவின் அடிமுனையில் வைத்தேன்.

விரல் மெல்ல நகர்ந்தது. முதல் வளைவு வந்ததும் நின்றது. இரண்டாவது வளைவில் அவள் உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஏத்தா, இது மெட்டு ரோடுல்ல!"

மேலே ஏற ஏறச் சிரிக்க ஆரம்பித்தாள். "இந்தா, இந்த வளைவுலதான் எனக்கு வாந்தி வரும். வேலைக்குப் போன புதுசுல தெனமும் வரும்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அதை என்னிடம் சொன்னதே இல்லை. பிறகு ஜீப்பைத் தொட்டாள். நாலு பக்கமும் தடவினாள். முகம் மாறியது.

"உள்ள யாருமே இல்லையே. காலி ஜீப்பு மெட்டுக்கு எதுக்குப் போகுது?"

நான் ஆட்களைப் பற்றி நினைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவளோடு வேலைக்குப் போன பெண்களை மச்சான் போய் அழைத்து வந்தார். நான் சொல்லியிருந்தபடி ஆளுக்கொரு பழைய சேலைத் துண்டோடு வந்தார்கள். தோட்டத்தில் மலையாளப் பேச்சுப் பழகி, அவளை அவர்கள் அக்கா என்பதற்குப் பதில் "சேச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். வீடே சத்தமாகிவிட்டது. யார் எங்கே உட்காருவது என்று சண்டை.

"ஓரத்து சீட்டு என்னோடது."

"ஒன்னோடதா? நீ என் மடியிலதான தூங்கிக்கிட்டு வருவ!"

அக்காதான் தீர்ப்புச் சொன்னாள். துண்டுகளை அவள் வரிசையாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, சின்னச் சின்ன உருவங்களாக நான் தைத்தேன். எல்லோரையும் ஏற்றிய பிறகு, "நானும் ஒரு ஓரமா ஏறிக்கிறவா அக்கா?" என்றேன்.

"நீ ஏறக்கூடாது" என்றாள் வெடுக்கென்று. "ஒன்ன ஏத்தக்கூடாதுன்னுதானத்தா நான் ஏறுனேன். நீ கீழ மிஷின் முன்னாடி உக்காரு."

அவள் கட்டியிருந்த சேலையின் முந்தானை ஓரத்திலிருந்து என்னை ஒரு துண்டு வெட்டச் சொன்னாள். மலையின் அடிவாரத்தில் என்னை அதில் தைத்தேன். நன்றி என்று அவளிடம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்காவிடம் யார் அப்படிச் சொல்லுவார்கள்? படத்தைக் கொடுத்துவிட்டால் கொஞ்சம் சொன்னதாகும் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு துண்டை வாங்கிக்கொண்டதில், மறுபடியும் நான்தான் அவளிடம் வாங்கிக்கொண்டவளானேன். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தைத்து முடித்து நூலை அறுத்தபோது அக்கா கட்டிலை விட்டு எழுந்தாள். "வந்தவுகளுக்கு ஒரு டீ கூடக் குடுக்காம உக்காந்திருக்கேன் பாரு."

மச்சான் பதறிக்கொண்டு பின்னாலேயே போனார்.

"நீ இரு, நான் போடுறேன்."

"தீப்பெட்டி எங்க வச்சிருக்கீகன்னு மட்டும் சொல்லுங்க. பால வெரசா எடுங்க."

அவள் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பெண்களில் ஒருத்தி எழப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். டீயில் சர்க்கரை கூடிப்போயிருந்தது. எல்லோரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம். அக்காவுக்கு மட்டும் மச்சான் தனியாகச் சர்க்கரை இல்லாமல் ஆற்றிக் கொடுத்தார்.