கோத்தா பாருவுக்குப் போன பினாங்குத் தண்ணீர்

சென்ற வாரம் கிள்ளானில் இருக்கும் அண்ணன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அனுப்பினார். மலேசியாவில் எந்த மாநிலத்தில் வீட்டுத் தண்ணீர் என்ன விலை என்று கட்டம் போட்டு, கொடியெல்லாம் ஒட்டி யாரோ செய்த படம். மலிவான பக்கத்தில் வழக்கம்போல் பினாங்கு இருந்தது. கீழே, "உங்களுக்கென்ன, ராஜ வாழ்க்கை" என்று அண்ணன் எழுதியிருந்தார். முன்பென்றால் அரை மணி நேரம் பதிலுக்குப் பதில் ஓடியிருக்கும். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாத்திரம் கழுவினேன். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது.

உங்கள் வீட்டில் போனை எடுத்ததும் என்ன கேட்பீர்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் முதல் கேள்வி, "தண்ணி எப்படி இருக்கு?" என்பதுதான். அக்கா கல்யாணமாகி கோத்தா பாருவுக்குப் போன புதிதில் அம்மா ஆரம்பித்து வைத்த வழக்கம் அது. நல்லாயிருக்கியா என்று கேட்டால் மகள் அழுதுவிடுவாளோ என்று அம்மாவுக்குப் பயம். மகளுக்கு முன்னால் தானே அழுதுவிடுவோமோ என்று அதைவிடப் பெரிய பயம். தண்ணீரைப் பற்றிப் பேசினால் யாரும் அழ வேண்டியதில்லை.

"மஞ்சளா வருதும்மா" என்று அக்கா சொன்னால் மனசு சரியில்லை என்று அர்த்தம். "இன்னைக்குப் பரவால்லம்மா, தெளிவா இருக்கு" என்றால் அத்தானோடு போட்ட சண்டை தீர்ந்துவிட்டது. நாங்களாகவே அப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டோம். சில சமயம் உண்மையிலேயே தண்ணீர்தான் மஞ்சளாக வந்திருக்கும். அன்றைக்கும் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த வீட்டுத் தண்ணீரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் குழாய்க் கிணறு, அதற்கு ஒரு மோட்டார். விழும்போது தெளிவாகத்தான் விழும். வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் மஞ்சள் கட்டும். அத்தனையும் இரும்பு. குளியலறைத் தரை துருப்பிடித்த தகரம் மாதிரி இருக்கும். அத்தான் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் வெண்ணெய் நிறத்துக்குப் போய்விட்டன. தேத்தண்ணி போட்டால் கறுப்பு மைதான். அத்தானுக்கு அந்தத் தேத்தண்ணி பழகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்கு, இதுல என்ன ருசி?" என்பார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி தூளை அள்ளிப் போடுவார். மருமகன் ஆயிற்றே.

தீபாவளிக்கு எல்லோரும் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் அப்பாவின் பிளாட்டில் கூடுவோம். மலாயில் அந்த ஊர்ப் பெயருக்குக் கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தம், குழாயில் வருவதோ பளிங்கு. முறுக்குத் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் பேச்சு தண்ணீருக்குப் போய்விடும். "எங்க ஊர்ல ஒரு அளவு வரைக்கும் ஃப்ரீ லா" என்று அண்ணன் ஆரம்பிப்பார். "ஃப்ரீதான். வந்தாத்தானே?" என்பார் அப்பா. கிள்ளானில் தண்ணீர் நின்றால் அண்ணன் குடும்பம் அழுக்குத் துணியோடு பினாங்குக்கு வண்டி கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். அத்தான் அதிகம் பேசமாட்டார். கடைசியில் ஒரே ஒரு வரி போடுவார். "நீங்க குடிக்கிறது பக்கத்து மாநிலம் கெடாவோட ஆத்துத் தண்ணி. பெருமை மட்டும் உங்களுதா?" அதற்குப் பிறகு அப்பா டிவியைச் சத்தமாக வைத்துவிடுவார்.

இந்த வாதத்தில் அக்கா சேர்ந்ததே இல்லை. அந்த நேரம் அவள் குளியலறையில் இருப்பாள். வந்த அன்றைக்கு ஒரு குளியல், மறுநாள் காலையில் ஒன்று, கிளம்புவதற்கு முன் ஒன்று. அப்பா கதவைத் தட்டி, "பில்லு யாரு கட்றது?" என்பார். "கோபிச்சுக்காதீங்கப்பா, ரெண்டு வெள்ளிகூட ஆவாது" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அது உண்மைதான். எங்கள் வீட்டில் அதைவிட மலிவாக யாருக்கும் சந்தோஷம் கிடைத்ததில்லை.

திரும்பிப் போகும்போது காரின் பின்பக்கம் முழுக்கத் தண்ணீர். பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் போத்தல்கள். கோப்பிக்கு, பருப்பு வேக வைக்க, வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்ற. நாங்கள் ஆளுக்கு இரண்டாகக் கீழே தூக்கி வருவோம். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் எல்லோரையும் திட்டிக்கொண்டே தூக்கி வருவோம். யானை கடக்கும் என்று பலகை வைத்த அந்த மலைச்சாலையில், பின்பக்கம் தாழ்ந்துபோன காரை அத்தான் ஓட்டிப் போவார். "யானைக்குத் தாகம் எடுத்தா நம்ம கார்தான்" என்பார். அக்கா சிரிப்பாள்.

அப்பா போனார். பிறகு அம்மாவும் போனார். பிளாட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அக்கா வருவது நிற்கவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலிப் போத்தல்களோடு வந்துவிடுவாள். ஒருநாள் குழாயடியில் போத்தல்களை வரிசையாக வைத்து நிரப்பிக்கொண்டிருந்தபோது, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"நான் போயிட்டா அந்த மஞ்சத் தண்ணில என்னைக் குளிப்பாட்டிறாதீங்க."

"வாயக் கழுவு" என்றேன்.

"அதுக்கும் இந்தத் தண்ணிதான் வேணும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

போன வருஷம் ஒரு காலையில் அத்தான் போன் செய்தார். அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாளாம். நான் சரி என்று சொன்னேன். சரி, சரி, வருகிறோம் என்று சொன்னேன். அழுகை வரவில்லை. சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

பினாங்கிலும் இப்போதெல்லாம் குழாய் மாற்றும் வேலை என்று தண்ணீரை நிறுத்துகிறார்கள். அன்றைக்கும் நிறுத்தியிருந்தார்கள். முன்கூட்டியே அறிவித்திருந்தும் நாங்கள் இரண்டு வாளிதான் பிடித்து வைத்திருந்தோம். நான் ஒரு வாளியைத் தூக்கிப் போத்தலில் ஊற்ற ஆரம்பித்தேன். பாதி தரைக்குப் போனது. எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். ஆன்ட்டி ஒன்றும் கேட்காமல் தான் பிடித்து வைத்திருந்த பெரிய பீப்பாயைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தார். "டேக் லா. டுமாரோ ஓல்சோ கேன் பாத்" என்றார். நாளைக்குக் குளித்துக்கொள்வாராம். பக்கத்து மலாய்க்காரர் வீட்டிலிருந்தும் ஒரு வாளி வந்தது. போத்தல்கள் நிறைந்தன. அதைப் பார்த்து மனம் உருகியிருக்க வேண்டும். எனக்கு மூடிகளை இறுக்க வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது.

கோத்தா பாருவுக்குக் கிளம்பினோம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வராமல் குளிப்பாட்ட மாட்டார்கள் என்று தெரியும். அதனால் நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கிள்ளானிலிருந்து அண்ணன் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். கார் நின்றதும் கோடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு போத்தல்களோடு நேராகப் பின்பக்கம் போனேன். கை கழுவக் குளியலறைக் குழாயைத் திறந்தேன்.

தண்ணீர் தெளிவாக வந்தது. ஒரு வாளி பிடித்து வைத்து, நின்று பார்த்தேன். மஞ்சள் கட்டவில்லை. தரை ஓடுகள் புதிதாக, வெள்ளையாக இருந்தன.

அத்தான் பின்னால் வந்து நின்றார்.

"ஃபில்டர் போட்டுச் சில வருஷம் ஆச்சு" என்றார். "உங்கம்மா தவறின வருஷமே போட்டேன். உங்கக்கா சொல்லலையா?"

சொல்லவில்லை. அவர் போத்தல்களைப் பார்த்தார்.

"நான்கூட கேட்டேன், அதான் இங்கயே நல்லா வருதே, எதுக்கு அவ்ளோ தூரம்னு. பேசாம ஓட்டுங்கன்னா. நானும் ஓட்டினேன்."

கொண்டுவந்த தண்ணீரைக் குடங்களில் ஊற்றினோம். போதவில்லை. குழாயிலும் பிடித்து நிரப்பினோம். பெண்கள் வரிசையாகத் தூக்கி வந்து ஊற்றினார்கள். என் குடத்தில் இருந்தது எந்த ஊர்த் தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. அவள் முகம் நனைந்தது. நான் ஊற்றி முடித்தேன். அப்போதும் அழவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. அம்மா அப்பா இல்லாத இடத்துக்கு, தங்கை குடும்பம் நடத்தும் வீட்டுக்கு, கல்யாணமான அக்கா சும்மா வர முடியாது. ஒரு காரணம் வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் அவள் அத்தனை போத்தலையும் சுமந்திருக்கிறாள். சும்மாவே வாக்கா என்று நானும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் இந்த பிளாட்டை உன் வீடு என்பார். என் வீட்டுக்காரர் நம்ம வீடு என்பார். பில்லில் என் பெயர்தான் வருகிறது. வரும்போதெல்லாம் கீழே நின்று போன் போட்டு, "அம்மா வீட்டுக்கு வந்துட்டேன், கதவத் திற" என்று சொன்னவள் அக்கா ஒருத்திதான். அம்மா இறந்த பிறகும் இத்தனை வருஷம் இங்கே ஒரு அம்மா வீடு இருந்திருக்கிறது. இப்போது இல்லை.