உள்ளே பிடித்த தையல்

எங்கள் தெருத் தையல்காரருக்குக் ‘கண்ணளவு’ என்று பட்டப்பெயர். கடை வாசலில் ஆள் வந்து நின்றால் போதும், டேப்பைத் தொடாமலே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். “என்ன சார், வீட்டுச் சாப்பாடு நல்லா வேலை செய்யுது போல” என்று வாயடிப்பு வேறு. பெருமைக்குக் குறைச்சலே இல்லை.

அவருடைய இடுப்பே குறைய ஆரம்பித்தபோது அந்த வாய் அடங்கியது. நாக்கில் வெள்ளையாகப் படிந்து, சாப்பிட்டால் எரிந்தது. முதுகில் அக்கி வந்து போனது. வயிறு அடிக்கடி போனது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கதவைச் சாத்திவிட்டு எச்.ஐ.வி. என்றார்.

“கிருமி உள்ளே வந்து வருஷக்கணக்கா ஆகியிருக்கும். முதல்ல காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிடும். அப்புறம் வெளியே ஒண்ணும் தெரியாது. ஆனா நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களுக்குள்ளயே புகுந்து பெருகி, அதுங்களையே அழிச்சுக்கிட்டிருக்கும். அதுங்க குறையக் குறைய, மத்தவங்களை ஒண்ணும் பண்ணாத கிருமிகூட உங்களைப் படுக்க வெச்சிடும். மாத்திரையை விடாமப் போட்டா பெருகறது அடங்கும், அணுக்கள் திரும்ப ஏறும், நல்லா இருக்கலாம். முதல்ல வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க.”

தலையாட்டிவிட்டு வந்தார். மாத்திரை வாங்கவில்லை. வீட்டில் எங்கே ஒளித்துவைப்பது? வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் செய்த காரியத்தை எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. மானம் போவதற்குப் பயந்தவருக்கு உயிர் போவது இரண்டாம் பட்சமாகப் பட்டது. அடப்பாவி, போவது உன் உயிர் மட்டுமா என்று கேட்க அங்கே ஆளில்லை.

தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். கூட்டமில்லாத மதியங்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் பேண்டின் இடுப்பையும் சட்டையின் பக்கங்களையும் உள்ளே பிடித்துத் தைத்தார். துணி உடம்போடு ஒட்டி நின்றால் இளைத்தது யாருக்குத் தெரியும்? கொஞ்ச நாளில் மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் மறுபடியும். வீட்டில் மனைவியின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், சுவரைப் பார்த்துப் படுத்தார். அவளைத் தொடாமல் இருப்பதையே பெரிய தியாகமாக நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு மதியம் அவள் கடைக்கு வந்தாள். கையில் அவளுடைய சுடிதார்.

“தொளதொளன்னு ஆயிடுச்சு. பக்கத்துல பிடிச்சுக் குடுங்க.” பேசும்போதே இருமினாள். “இந்த இருமல் விட்டாத்தான் உடம்பு தேறும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கன்னம் ஒட்டியிருந்தது. தெருவில் போகிறவர்கள் அளவையெல்லாம் வாசலிலேயே சொன்ன மனுஷன்.

சுடிதாரை மிஷினில் வைத்தார். கால் மிதிக்கவில்லை.

“பிடிக்க வேண்டாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. என்னால உனக்கும் வந்திருக்கலாம்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். “எப்பலேருந்து தெரியும்?”

அவர் கை தன் சட்டைப் பக்கத்துத் தையலுக்குப் போனது. அவள் கையை நீட்டி அவருடைய சட்டை ஓரத்தைப் புரட்டினாள். பழைய தையலுக்குள் இன்னொரு தையல், அதற்குள்ளும் ஒன்று. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“இத்தனை தடவை பிடிச்சிருக்கீங்களே. ஒரு தடவைகூடவா என்னைப் பார்க்கலை?”

பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்தாள். “எந்த ஆஸ்பத்திரி? நடங்க.”